இன்னொரு வீட்டுக்கு ஒரு பிரதி

அன்பான அக்காவுக்கு,

நம் வீட்டு வீடியோக்கள் இருந்த ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டது. கீழே போட்டது நான்தான். ரெட்டியார்பாளையத்தில் ஹாஜா அண்ணன் கடையில் கொடுத்தோம். பாதியைத்தான் மீட்க முடிந்தது.

வீராம்பட்டினம் தேர்த் திருவிழா வீடியோ கிடைத்துவிட்டது. நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம் அது. வளையல் விற்கிற அம்மா என் பேரைக் கேட்கிறார். நான் உன் துப்பட்டாவுக்குப் பின்னால் ஒளிகிறேன். "இவ பேசமாட்டா, எங்கிட்ட கேளுங்க" என்று நீ சிரிக்கிறாய். அப்பா அதைக் கடையிலேயே இரண்டு தடவை பார்த்தார். நீ சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போனபிறகு அவர் உன் முகத்தைப் பார்த்தது அன்றுதான்.

"ஒரே எடத்துல வெக்காதீங்க சார். ரெண்டு டிஸ்க்குல போட்டுத் தரேன். ஒன்னு வேற வீட்டுல இருக்கட்டும்" என்றார் ஹாஜா அண்ணன்.

"வேற வீட்டுக்கு நான் எங்க போவேன்?" என்றார் அப்பா.

எனக்கு எப்படித்தான் வாய் வந்ததோ. "காலாப்பட்டுல அக்கா வீடு இருக்குப்பா" என்றேன்.

அவர் இரண்டு டிஸ்க்குக்கும் பணம் கொடுத்தார். வீட்டுக்கு வந்து உனக்கு அனுப்ப நான் ஒரு டிஸ்க்கைத் துணியில் சுற்றும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"கூரியர்ல போட்டா ஒடச்சிடுவான். குடு, நானே மடியில வெச்சி எடுத்துனு போறேன்."

துணிக்குள் இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். அப்பா கொடுத்துவிட்டு வாசலோடு கிளம்பப் பார்ப்பார். விடாதே, உள்ளே கூப்பிடு.

உன் தங்கை