கத்தரிப்பூ நிறத்தில் ஓரணா ஸ்டாம்பு

ஹனூர்
7-2-1993

அன்புள்ள அக்காவுக்கு அய்யாசாமி எழுதுவது.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த புளிச்சோறு கொள்ளேகால் தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது. இங்கே ராகிக் கதிரை ரோட்டிலேயே பரப்பியிருக்கிறார்கள். பஸ் அதன்மேல்தான் ஏறி வந்தது.

உன் சாமி மாடத்தில் விளக்குப் பக்கம் வைத்திருக்கிறாயே, நம் சித்தையனின் கூலி ரசீது, அதிலுள்ள ஓரணா ரெவின்யூ ஸ்டாம்பு கண்ணைவிட்டுப் போகவில்லை. என் ஆல்பத்தில் அதே ஸ்டாம்பு பதினான்கு இருக்கிறது. எல்லாம் வெளிறிய கத்தரிப்பூ நிறம், மெல்லிய தாள். உன்னுடையது நாவல்பழக் கறுப்பு. தடவினால் தாளும் தடிப்பு. தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் ஸ்டாம்பு ஒட்டியவன் சொல்கிறேன், இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

பின்பக்கம் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும். தண்ணீரில் போட்டு எடுக்க வேண்டும். உனக்குத் தெரியாததா? சம்மதமென்றால் ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பு.

தம்பி
அய்யாசாமி


மைசூர்
15-2-1993

தம்பி அய்யாசாமிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

அதை அனுப்ப மனசே வரவில்லை. என் மகனுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. பதினெட்டு வயசில் மாசக் கூலி இருபது ரூபாயைத் தாண்டியது, ரசீதில் ஸ்டாம்பு ஒட்ட வேண்டியதாயிற்று. “ஸ்டாம்பு மேல கையெழுத்துப் போடற ஆளாயிட்டேம்மா” என்று குதித்தான். பத்தாம் நாள் சாரத்திலிருந்து விழுந்தான். ரசீதை மேஸ்திரிதான் கொண்டுவந்து கொடுத்தான்.

பள்ளிக்கூடம் போகாத பிள்ளை. அந்தக் கையெழுத்து நான் சொல்லிக் கொடுத்தது. ‘சித்தை’ தாளில் இருக்கும், ‘யன்’ ஸ்டாம்பு மேல். கடைசிப் புள்ளியைக் குட்டி வட்டமாகப் போடுவான்.

ஆனாலும் அவன் கை பட்டது உலகத்தில் இல்லாத ஸ்டாம்பு என்றால் எனக்குப் பெருமைதானே. தண்ணீரில் போடுவது எனக்குத் தெரியாதா? நானும் ஐந்தாவது வரை படித்தவள். பார்த்துவிட்டு இருந்தபடியே ஒட்டி அனுப்பு.

சுந்தராம்பாள்


மைசூர்
14-3-1993

தம்பி,

ஒரு மாசம் ஆகப்போகிறது. மாடம் வெறிச்சென்று இருக்கிறது. தபால்காரர் “ஏனு அஜ்ஜி, இன்னும் வரலையா?” என்று என்னையே கேட்கிறார். ரசீது எனக்கா, உன் ஆல்பத்துக்கா? ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடுமா?

அக்கா


ஹனூர்
20-3-1993

அக்கா,

எத்தனையோ காகிதம் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

ஸ்டாம்பு உள்ள ஓரத்தை மட்டும் தண்ணீரில் விட்டதும் அந்தக் கறுப்பு காப்பி டிக்காஷன் மாதிரி இறங்கியது. எல்லாம் விளக்குப் புகை, எண்ணெய்ப் பிசுக்கு. அடியில் அதே கத்தரிப்பூ நிறம். தடித்த தாள் என்று நினைத்ததும் தாள் இல்லை, நீ எப்போதோ மூலை கிளம்பியபோது தடவிய கஞ்சி. என்னிடம் பதினான்கு இருக்கிறதே, இது பதினைந்தாவது.

பதறி எடுப்பதற்குள் சித்தையனின் மையும் கரைந்துவிட்டது. ‘யன்’ இல்லை, நனையாத ‘சித்தை’ மட்டும் மிச்சம். ஸ்டாம்பும் நைந்துவிட்டது. அந்தக் காலத்து மை நிற்காது என்று எனக்குத் தெரியும் அக்கா. நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், கையெழுத்தைப் பார்க்கவில்லை.

ரசீதோடு என் ஆல்பத்திலிருந்து நல்ல ஸ்டாம்பு ஒன்று வைத்திருக்கிறேன். காலி இடத்தில் ஒட்டிக்கொள். சித்திரையில் நேரில் வந்து காலில் விழுகிறேன்.

அய்யாசாமி


மைசூர்
2-4-1993

அய்யாசாமிக்கு,

வந்தது.

உன்னை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்லை. தண்ணீரில் போடுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஈரத்துணியால் ஒற்றிப் பார்ப்பாய் என்று நினைத்தேன். பேத்தி தாரணியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவளிடம் போய்த் தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கம்.

புகை என்று எழுதியிருந்தாய். முப்பத்தெட்டு வருஷம் அவனுக்காக நான் ஏற்றிய விளக்கு அது. அதையும் சேர்த்துக் கழுவிவிட்டாய்.

சித்திரைக்கு வராதே. வந்தால் சோறு போடுவேன், திட்டமாட்டேன். ஆனால் உன் முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்கும். என்னால் ஆகாது. கடுதாசியும் வேண்டாம்.

நீ அனுப்பிய ஸ்டாம்பை ஒட்டினேன். தாரணியின் மைப்பேனாவை வாங்கி அதன்மேல் ‘யன்’ எழுதினேன். கைபிடித்து அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவள்தானே, வந்துவிடும் என்று நினைத்தேன். புள்ளியைக்கூட வட்டமாகத்தான் போட்டேன்.

காய்ந்த பிறகு பார்த்தால் அது என் எழுத்து. இப்போது பக்கத்தில் இருக்கிற ‘சித்தை’யும் நான் எழுதியது போலவே தெரிகிறது.

சுந்தராம்பாள்