முகாரி வேண்டாம் என்ற அம்மா

குதைபியா, மனாமா
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் பிரவீணனுக்கு,

அம்மா நல்ல சுகம், முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முறைக்கிறது. நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் வாயைத் திறந்தால் எனக்கு ஏச்சுத்தான் வருகிறது, அதனால் லீவில் ஊருக்குப் போகிற உமாபதி அண்ணையிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். பால்மா, கோடாலித் தைலம், பேரீச்சம்பழம் எல்லாம் வைத்திருக்கிறேன், பழத்தை ஒரே நாளில் முடிக்காதே.

நீ வயலினை மூடி வைத்துவிட்டு ராப் பாடுகிறாய் என்று சித்தி சொன்ன அன்று, தையல் கடையில் ஓர் அபாயா அங்கிக்குக் கையை மாறித் தைத்துவிட்டேன், அவ்வளவு கோபம். ஒன்றில் ராப், இல்லாவிட்டால் அம்மா என்று உன்னிடம் கத்தினேன். நீயோ, நீங்கள் ஓம் என்று சொல்லாமல் கார்த்திகையில் நடக்கிற விழா மேடையில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய்.

சண்டை முடிந்து யாழ்ப்பாணம் வந்த காலத்தில் எங்களுக்கு எதைக் கண்டாலும் பயம் ராசா. பிள்ளை வாள்வெட்டுக் கூட்டத்தோடு சேர்ந்துவிடுமோ, போதையில் விழுமோ, ஆமி பிடிக்குமோ என்று ஒரே நடுக்கம். அதனால் எங்கள் ஒழுங்கை வீடுகளில் இருந்த தாய்மார் எல்லாரும் பிள்ளைகளைக் கனகரத்தினம் மாஸ்டரின் வயலின் வகுப்பில் கொண்டுபோய் இருத்தினோம். கீர்த்தனை வாசிக்கிற பிள்ளை வேறொன்றும் கதைக்காது என்று ஒரு நினைப்பு. வயலின் பெட்டியோடு போனால் ஆமி சென்ட்ரியில் மறிக்கமாட்டார்கள் என்று வேறு நினைத்தேன், அவர்கள் அந்தப் பெட்டியைத்தானே முதலில் திறக்கச் சொன்னார்கள்! முகாரி ராகம் மட்டும் பழக்காதேங்கோ மாஸ்டர், வீட்டில் இருக்கிற அழுகையே காணும் என்று சொன்னதும் நான்தான். பாவம் மனுசன், சந்தோஷமான ராகமாய்த் தேடித் தேடிப் பழக்கினார்.

போன கிழமை, என்னோடு ரூமில் இருக்கிற நாகர்கோவில் நர்ஸ் ரெபேக்காள் யூடியூபில் உன் பாட்டைப் போட்டு, யக்கா, ஒங்க மவன் பாட்டு என்னமா படிக்கான், கொஞ்சம் கேளுங்க என்றாள். நிப்பாட்டடி என்றேன். அதற்குள் நீ கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, இரணைப்பாலை என்று சண்டைக்குள் நாங்கள் ஓடிய ஊர்களை அடுக்கிக்கொண்டு போனாய். அப்போது உனக்கு ஐந்து வயது. நான் அதைப்பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை, பிள்ளை எல்லாம் மறந்திருப்பான் என்று நிம்மதியாய் இருந்தேன். அடுப்பில் கறி அடிப்பிடித்துவிட்டது. அழுதேன்தான், ஆனால் இரண்டாம் தரம் போடச் சொன்னதும் நானேதான். இப்போது மெஷினில் என் கால் உன் தாளத்துக்குத்தான் போகிறது, முதலாளியம்மா ருமைஸா யல்லா யல்லா என்று கைதட்டிச் சிரிக்கிறாள்.

மேடையில் ஏறு ராசா. வயலினையும் கொண்டுபோ, மாஸ்டரிடம் அந்த முகாரியையும் கேட்டுப் பழகு. சித்தி ஏசினால் நான் பார்த்துக்கொள்கிறேன். மோட்டார்சைக்கிளில் ஹெல்மெட் இல்லாமல் திரியாதே. பிள்ளையார் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டார், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு.

ஒன்று மட்டும். பாட்டில் ஓர் ஊர் விடுபட்டிருக்கிறது. விசுவமடுவிலிருந்து நாங்கள் நேரே இரணைப்பாலைக்குப் போகவில்லை, நடுவில் மூன்று நாள் உடையார்கட்டில் பங்கர்க் குழிக்குள் இருந்தோம். அங்கே நீ சத்தமாய்ப் பாடத் தொடங்கினாய், நான்தான் பயத்தில் உன் வாயைப் பொத்தினேன். அதையும் சேர்த்துப் பாடு.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
செல்லம்