கூடையில் போட்ட ஷூ

அன்புள்ள செவ்கியே, உன் கண்களில் என் முத்தம். யோஸ்காட்டில் குளிர் விட்டதா, முழங்கால் வலி தேவலையா? எனக்குப் படகுச் சமையலில் தொப்பைதான் வளர்கிறது.

இரண்டு மாதத்தில் ஒரே ஒரு நாள் லீவு. போத்ரும் கோட்டையைப் பார்க்கக் கிளம்பினால், படகேறுகிறவர்கள் ஷூவைக் கழற்றிப் போடும் கூடையில் என்னுடையதைக் காணோம். பெருநாளில் நம் மகளைப் பெண் கேட்டு வருகிறவர்கள் முன் நான் போட்டு நிற்க நீ வாங்கித் தந்தது. எவனோ பயணி மாட்டிக்கொண்டு போய், ரோஸ் ரப்பர் செருப்பை விட்டிருக்கிறான்.

“துர்சுன் அண்ணே, கலர் எடுப்பா இருக்கு,” என்றான் மாலுமி யால்சின்.

“உன் கல்யாணத்துக்கும் இதுலதான்டா வருவேன்,” என்றேன். அதிலேயே கோட்டையைச் சுற்றினேன். பூனைகள்கூட என் காலைத்தான் பார்த்தன.

வாசலில் கிடக்கும் என் பழைய ஷூவை பஸ்ஸில் அனுப்பு. வேண்டாம், இரு. வீட்டில் ஆம்பளை இருப்பதாகத் தெரு நினைக்கட்டும் என்று நீ வைத்திருப்பது அது. அங்கேயே காவல் இருக்கட்டும். நான் ரோஸ் செருப்பிலேயே வந்து, அதன் பக்கத்தில் கழற்றி விடுகிறேன்.

கேப்டன் கத்துகிறார், கிளம்புகிறேன்.
துர்சுன்