நாற்று கேட்கப் போனது

ஐப்பசி 4, செவ்வாய்

விடாத மழை. நாற்றங்கால் முழுக்கத் தண்ணீர். மோட்டார் வைத்து இறைத்தும் வடியவில்லை. இவர் ஒரு நாற்றைப் பிடுங்கிக் காட்டினார். வேர் அழுகல்.

காஸ் புக் செய்ய வேண்டும். மாட்டுக்குத் தவிடு.

பவித்ரா ஹாஸ்டலிலிருந்து போன். காலேஜில் பெற்றோரைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்களாம். "அம்மா, உன்னை உருவாக்குன நல்ல அனுபவம் ஒண்ணு சொல்லேன்." நாற்று அழுகிய அன்றைக்குத்தானா இந்தக் கேள்வி. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

5, புதன்

வெயில். இப்போது வந்து என்ன. இனிமேல் விதை விட்டால் நடவுப் பட்டம் தப்பிவிடும். மிச்ச நாற்று இருப்பது ஒரே இடத்தில், பக்கத்து வயல் கோவிந்தராஜு அண்ணனிடம். அவர் நாற்றங்கால் மேட்டில், தப்பித்தது. மிச்ச நாற்றுக்கு இந்தப் பக்கம் யாரும் விலை சொல்வதில்லை. வாய் விட்டுக் கேட்டால் போதும். அந்த வாய்தான் சிக்கல். குறுவையின்போது மடைத் தண்ணீருக்காக அவரை வரப்பில் நிற்க வைத்து நான் பேசிய பேச்சு ஊருக்கே கேட்டது. அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை.

நீங்க போங்களேன் என்றேன் இவரிடம். "கேக்கறதெல்லாம் நீதானே. எனக்கு வராதும்மா." கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டு. பேங்க், ரேஷன் கடை, கரண்ட் ஆபீஸ், எல்லாம் நான்.

பாத்திரம் தேய்க்கும்போது ஞாபகம். எட்டாவதோடு என்னை நிறுத்த அப்பா முடிவு செய்தபோது பெரிய டீச்சர் அறை வாசலில் போய் நின்றேன். "வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட..." பாதிதான் சொன்னேன். "சாயங்காலம் அப்பா இருப்பாரா?" என்றார். வந்தார், பேசினார், தோசையும் சாப்பிட்டார். பன்னிரண்டாவது வரை படித்தேன். படித்ததில் முக்கால்வாசி மறந்துபோச்சு. கேட்டால் கிடைக்கும் என்பது மட்டும் ஒட்டிக்கொண்டது. மகளுக்கு இதைச் சொல்லலாம். சொல்லிவிட்டுப் பக்கத்து வயலுக்குப் போகப் பயந்தால் என்ன மரியாதை.

6, வியாழன்

போனேன். அண்ணன் வீட்டு வாசலில் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அண்ணே, நாத்து..." அதற்கு மேல் வரவில்லை.

"ரெண்டு நாளா எங்க போயிருந்த?" கோபமாகத்தான் கேட்டார். "நாத்து முத்திக்கிட்டு வருது. உனக்குன்னு கிழக்கோரமா விட்டு வெச்சிருக்கேன்."

உள்ளேயிருந்து அண்ணி: "நீங்களே கொண்டுபோய்ப் போடுங்கன்னு சொன்னேன். அவ கேக்காம இருக்க மாட்டா, வருவான்னு உக்காந்துட்டாரு."

அங்கேயே அழுதுவிட்டேன். அண்ணி டீ கொடுத்தார். சர்க்கரை தூக்கல்.

8, சனி

நடவு முடிந்தது. ஆட்களுக்குப் புளிச்சோறு, அப்பளம். இடுப்பு வலி. காஸ் இன்னும் புக் செய்யவில்லை.

பவித்ராவிடம் டீச்சர் கதையைச் சொன்னேன். "இவ்ளோதானா?" என்றாள். இவ்வளவுதான் என்றேன்.

சாயங்காலம் திரும்பவும் தூறல். நட்ட பயிரில் தண்ணீர் நிற்கக்கூடாதென்று மடையைத் திறந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வரப்பிலிருந்து அண்ணன் சத்தம். "மல்லிகா! உன் வயல் தண்ணியெல்லாம் என் வயல்லதான் வடியணுமா?"

குறுவைக்குப் பிறகு இன்றுதான் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். நானும் பதிலுக்குக் கத்தினேன்.