மூன்றாம் பாடத்தில் ஹரிணிக்கு ஒன்பது வயது

கொட்டச்சேடு,
20.1.2025

அன்புள்ள உங்களுக்கு,

கீர்த்திகா எழுதுவது. இங்கே நான் நலம். நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் இரண்டு பேரும் "ம்" சொல்லிவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம்.

பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் ஏழாம் வகுப்புக்குப் பணம் பற்றிய பாடம் எடுக்கிறேன். எப்படிச் செலவு செய்வது, எப்படிச் சேர்த்துவைப்பது என்று. எல்லாம் ஆன்லைனில் இலவசமாகக் கிடைக்கிற வீடியோக்கள்தான். பார்த்து முடித்ததும் பிள்ளைகள் திரையிலேயே பதில் சொல்ல வேண்டும். முதல் வீடியோவை ஓடவிட்டேன். "வணக்கம் பிள்ளைகளே" என்றது உங்கள் குரல். பெங்களூரில் ஏதோ கம்பெனி என்றீர்களே, இதுதானா? பிள்ளைகள் உங்களுக்குப் "பைசா மாமா" என்று பெயர் வைத்துவிட்டார்கள். இங்கே இருந்தவரை மாதக் கடைசியில் என் பர்ஸைத் தேடி வந்த மனிதருக்கு நல்ல பெயர்தான்.

பாடத்தில் ஒரு குடும்பம் வருகிறது. அப்பா, அம்மா, மகள். மகள் பெயர் ஹரிணி. முதல் பாடத்தில் அவளுக்கு ஆறு வயது, உண்டியல் வாங்குகிறாள். மூன்றாம் பாடத்தில் ஒன்பது வயது, சைக்கிளுக்குச் சேர்க்கிறாள்.

நம் ஹரிணி ஆறு வயதிலேயே காய்ச்சலில் போய்விட்டாள். உங்களுக்குத் தெரியாததா? எனக்கு அழுகைகூட வரவில்லை. அவளைப் புதைத்த அன்றும் வரவில்லை, இன்றும் வரவில்லை. வீடியோவை நிறுத்திவிட்டு வருகைப் பதிவு எடுத்தேன். பெயரை மாற்றிவிடுங்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. "உன் சேமிப்பு எங்கே இருக்கிறது?" என்ற கேள்விக்கு உண்டியல், வங்கி, தபால் நிலையம், இவ்வளவுதான் கட்டங்கள். சக்தி என்கிற பெண் எழுந்து, "ஏனுங்க டீச்சர், எங்க ஊட்டுல எம்பேர்ல மிளகுக்கொடி இருக்குதுங்க. அதைய எந்தக் கட்டத்துல போடறதுங்க?" என்று கேட்டாள். பாதி வகுப்பு அதையே கேட்டது. ஒன்றையும் தொடாமல் விட்டார்கள். "உனக்குச் சேமிப்புப் பழக்கம் இல்லை" என்று திரை சொல்லிவிட்டது. இங்கே பிள்ளை பிறந்தால் அதன் பேரில் ஒரு சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏற்றுவோம், அதில் வருகிற பணம் அந்தப் பிள்ளைக்குத்தான் என்பது உங்கள் கம்பெனிக்குத் தெரியாது. உங்களுக்குமா மறந்துபோயிற்று?

ஹரிணியின் கொடியும் இந்த வருஷம் நன்றாகக் காய் பிடித்திருக்கிறது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியண்ணன் மாமா, "கண்ணு, ஆளு உட்டுப் பறிக்கட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன்.

இப்படிக்கு,
கீர்த்திகா

பெங்களூர்,
1.2.2025

அன்புள்ள கீர்த்திகா,

உன் கடிதம் கிடைத்தது. பொங்கலுக்கு வராதது தப்புத்தான். வந்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

அந்தக் குரல் என்னுடையதுதான். வேண்டுமென்று அந்தப் பெயரை வைக்கவில்லை. கம்பெனியில் பாடம் எழுத உட்கார்ந்தபோது, "பொண்ணுக்கு ஒரு பேர் சொல்லுங்க சார்" என்றார்கள். எனக்கு வேறு பெயர் தெரியவில்லை. அடுத்த பாடத்தில் அவள் கொஞ்சம் வளர வேண்டியிருந்தது. அவளுக்கு என்ன வேண்டும் என்று எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் யோசிக்கவில்லை. சைக்கிள் வேண்டும் என்று அவள் நம்மை எவ்வளவு நச்சரித்தாள்!

அதன் பிறகு ஒலிப்பதிவு நாளுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். மற்ற நாட்களில் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், அவ்வளவுதான். அந்த அறையில் மட்டும் நான் யாருக்கோ அப்பாவாக இருந்தேன். பத்தாம் பாடத்தில் அவள் கல்லூரிக்குப் போவதாக எழுதி வைத்திருந்தேன். அதை நீ இப்படி வகுப்பில் நின்று பார்க்க வேண்டிவரும் என்று தோன்றவே இல்லை. மன்னித்துவிடு.

நீ சொன்னபடி மாற்றிவிட்டேன். இனி அவள் பெயர் ரம்யா. எல்லாப் பாடங்களையும் மறுபடி பேசிக் கொடுத்தாயிற்று. உன் சக்திக்காக மிளகுக்கொடிக்கும் ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். கம்பெனியில் சிரித்தார்கள். மறந்துபோகவில்லை, கீர்த்திகா. நம் ஹரிணியின் கொடிக்குக் குழி எடுத்தது நான்தான்.

இப்படிக்கு,
தனபால்

கொட்டச்சேடு,
17.2.2025

அன்புள்ள உங்களுக்கு,

நான் கேட்டதைத்தான் செய்திருக்கிறீர்கள். குறை சொல்ல எனக்கு வாயில்லை.

உங்கள் கடிதம் வரும்வரை நிறுத்திவைத்திருந்த பாடத்தை வெள்ளிக்கிழமை மறுபடி தொடங்கினேன், நான்காம் பாடம். "ரம்யாவுக்கு இப்போது பத்து வயது" என்றது உங்கள் குரல். செய்தி வாசிக்கிறவர் குரல் மாதிரி இருந்தது. வகுப்பில் ஒரே சத்தம். "ஹரிணி எங்கீங்க டீச்சர்? சைக்கிள் வாங்கீட்டாளுங்களா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒன்றரை வருஷமாக அவளைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை. என்னைக் கண்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

நான் சொல்லிவிட்டேன். ஹரிணி என் மகள், பைசா மாமா அவளுடைய அப்பா, அவள் இறந்துவிட்டாள் என்று. இந்தச் சொல்லை என் வாயால் சொன்னது அன்றுதான் முதல் தடவை. பிறகு சக்தி மெதுவாக, "அவளுக்குக் கொடி இருக்குதுங்களா டீச்சர்?" என்றாள். இருக்கிறது என்றேன். "அப்பறம் அதைய யாருங்க பறிப்பாங்க?"

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகத் தோட்டத்துக்குப் போனேன். கைக்கு எட்டியவரை பறித்தேன். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. நெடுநேரம் அழுதேன். பெரியண்ணன் மாமா தூரத்திலேயே நின்றுவிட்டுப் போய்விட்டார். பறித்த மிளகு இப்போது வாசலில் பாயில் காய்கிறது.

உங்களுக்கு அந்த அறை இருந்தது. அதையும் நான் பிடுங்கிவிட்டேன். தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன்.

மேலே இருக்கிற மிளகு எனக்கு எட்டாது. மூங்கில் ஏணி போட வேண்டும், ஒருவர் ஏறினால் ஒருவர் பிடிக்க வேண்டும். மாமாவிடம் கேட்டால் ஆள் அனுப்புவார். நான் கேட்கவில்லை. காய் சிவந்துவிட்டது, இன்னும் இரண்டு வாரம் தாங்கும், அதற்குமேல் உதிர்ந்துவிடும்.

ஏணியை மரத்திலேயே சாத்தி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஹரிணியின் அம்மா