கொக்குகளின் மற்ற அன்ரிக்கு

டோர்செட் பார்க்,
ரொறன்ரோ.
ஒக்டோபர் 5, ஞாயிறு.

அன்புள்ள அன்ரனெற்றுக்கு,

மங்கையற்கரசி எழுதுவது. என் கையெழுத்தைக் கண்டால் உறையைத் திறக்காமலே குப்பையில் போடுவாய் என்பதால், முகவரியை என் வீட்டுக்காரரைக் கொண்டு எழுதுவித்தேன். சச்சிதானந்தனின் எழுத்து எட்மன்ரன் தபால்காரருக்கு விளங்கினால் என் அதிர்ஷ்டம். ஐந்து மாதமாக நீ என் போனை எடுக்கவில்லை. வட்ஸ்அப்பிலும் என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய். ஆனால் கடிதத்தைத் தடுக்கிற பொத்தானை இன்னும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

நாங்கள் இங்கே சுகம். எனக்குச் சீனி கொஞ்சம் ஏறியிருக்கிறது. சச்சிக்கு வயிறு ஏறியிருக்கிறது. உன் முழங்கால் எப்படி? மகள் வீட்டுப் பக்கம் இப்போதே குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியில் போ.

முதலில் பெரிய செய்தி. நான் வம்பு பேசுவதை விட்டுவிட்டேன். சிரிக்காதே. புரட்டாதிச் சனி தொடங்கிய அன்று, மீன், இறைச்சி என்று மச்சத்தை விடுவதோடு வம்பையும் சேர்த்து விடுவது என்று சனீஸ்வரனுக்கு முன்னால் எள்ளெண்ணெய் எரித்துச் சொன்னேன். மச்சம் சனிக்கிழமைக்கு மட்டும், வம்பு ஏழு நாளைக்கும். இன்று பதினாறாவது நாள். ஏழாம் மாடி நதீஷா வீட்டுக்கு வந்து இறங்கிய புதுச் சோபாவைப் பற்றி உனக்கு ஒரு வரிகூட எழுதப்போவதில்லை. அதை யார் வாங்கிக் கொடுத்தது என்பதையும் எழுதமாட்டேன். பார், எவ்வளவு திருந்திவிட்டேன்.

இனி எங்கட கொக்குகளின் கதைக்கு வருகிறேன். கிளென்ரோவன் கல்லூரி தன் பேஸ்போல் அணிக்கு ஹெரன்ஸ் என்று பெயர் வைத்தது. நாமிரண்டு பேரும் அதைக் கொக்குகள் ஆக்கியது அந்தப் பிள்ளைகளுக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் வீட்டுப் பிள்ளை ஒன்றுகூட அந்தக் கல்லூரியில் படித்ததில்லை. டொக்டர் நம்மைச் சீனிக்கு நடக்கச் சொன்னார். நாம் அந்த மைதானத்தைச் சுற்றி மூன்று நாள் நடந்தோம், நாலாம் நாள் பார்க்கிறவர்கள் இருக்கிற மூன்றாம் வரிசை வாங்கில் இருந்தோம். நாலு வருடமாக எழும்பவில்லை. இருந்த முதல் நாளே நீ, மன்னாரில் பள்ளிக்கூட எல்லே அணிக்குத் தலைவியாக இருந்தவள், என் தோளில் அடித்துச் சொன்னாய்: "எடி மங்கை, உது எங்கட எல்லேயடி! தடியைக் கொஞ்சம் வழவழப்பாக்கிப் போட்டாங்கள், அவ்வளவுதான்!"

அந்தச் சொல்தான் என்னைக் கெடுத்தது. எல்லேயில் ஓடுகிறவளைப் பந்தால் எறிந்து அடித்தால் அவள் அவுட். பேஸ்போலில் அப்படி எறியக்கூடாது, பந்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆளைத் தொடவேண்டும் என்று நீ நூறு தரம் சொல்லித் தந்தாய். மண்டைக்குள் ஏறினால்தானே? ஒருத்தன் ஓடக் கண்டதும் எனக்குத் தன்பாட்டில் வாய் திறக்கும். வாய் திறந்ததும் நீ என் தொடையில் கிள்ளுவாய். நாலு வருடமும் நான் ஒழுங்கான ரசிகையாக இருந்ததற்கு அந்தக் கிள்ளுத்தான் காரணம். இப்போதுதான் விளங்குகிறது.

நீ இல்லாத குறைக்கு முதல் ஆட்டத்துக்குச் சச்சியைக் கூட்டிக்கொண்டு போனேன். கிரிக்கெட்டைத் தவிர மற்றதெல்லாம் விளையாட்டே இல்லை என்கிற மனிதர் தெரியும்தானே. பந்து கணக்கில் சேராமல் பின்பக்கமாக வேலிக்கு மேலால் போனதற்கு எழும்பி நின்று "சிக்ஸ்!" என்று கை தட்டினார். பிறகு, "எப்பயப்பா தேத்தண்ணிக்கு விடுவாங்கள்?" என்று கேட்டார். நான் கத்த வெளிக்கிட்டால் கிள்ளுங்கோ என்று சொல்லி வைத்தது என் பிழை. முப்பது வருடக் கோபத்தையும் சேர்த்துக் கிள்ளிவிட்டார். அன்றோடு அவருக்கு ஓய்வு கொடுத்துவிட்டேன்.

அடுத்ததற்குத் தனியே போனேன். அது முதலாம் புரட்டாதிச் சனி. கோயிலில் எண்ணெய் எரித்துவிட்டு நேரே மைதானத்துக்கு. மற்ற அணிக்காரன் ஒருத்தன் முதல் பேஸிலிருந்து இரண்டாவதுக்குக் களவாக ஓடினான். நான் எழும்பி, எல்லோருக்கும் விளங்கட்டும் என்று இங்கிலிசில், "ஹிட் ஹிம்! ஹிட் ஹிம்!" என்று கத்தினேன். என் கஷ்ட காலம், எங்கட பதினாலாம் நம்பர் பிள்ளை அடுத்ததாகப் போட்ட பந்து கை வழுக்கி, அடிக்க நின்றவனின் இடுப்பிலேயே போய்ப் பட்டது.

அன்ரனெற், இரண்டு அணியும் மைதானத்துக்குள் ஓடி வந்துவிட்டன. அம்பயர் முகமூடியைக் கழற்றிவிட்டு நேரே என்னைப் பார்த்தார். நெற்றி நிறையத் திருநீற்றோடு எள்ளெண்ணெய் மணக்க நின்றது நான் ஒருத்திதானே, ஒளிக்கவா முடியும்? கிட்ட வந்தவருக்கு, "சேர், இன் மை கன்ட்ரி, இஃப் யூ ஹிட் த மேன், ஹீ இஸ் அவுட்," என்று விளக்கம் கொடுத்தேன். எங்கட நாட்டைப் பற்றி அந்த மனிதர் என்ன நினைத்தாரோ! வாசலைக் காட்டினார். மடிக்கிற கதிரையையும் தூக்கிக்கொண்டு நான் நடக்க, மற்ற அணியின் தாய்மார் எனக்கு வழிவிட்டு விலகி நின்றார்கள். ரவுடி என்று என்னை ஒருவர் நினைத்தது இதுதான் முதல் தடவை. ஒரு பக்கம் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

கோச் சொல்லிவிட்டார், மற்ற அன்ரியும் கூட வந்தால் மட்டும்தான் இனி என்னை உள்ளே விடலாமாம். ஆகவே இப்போது வேலிக்கு வெளியே, கார்கள் நிற்கிற பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

நீ இல்லாமல் பிள்ளைகள் தொடக்கத்திலேயே மூன்று ஆட்டம் தோற்றார்கள். சனி மாற்றம் என்று நான் நினைத்தேன். பதினாலாம் நம்பர், கட்லெட் மாற்றம் என்று நினைக்கிறான். ஆட்டம் முடிய நீ ஐஸ்கிறீம் வாளிக்குள் கொண்டுபோய்க் கொடுக்கிற மீன் கட்லெட்டைத்தான் சொல்கிறேன். நானும் ஒரு வாளி செய்து வேலிக்கு மேலால் கொடுத்தேன். அவன் ஒன்றைக் கடித்துவிட்டு, "இன்ரரெஸ்டிங்" என்றான். அந்தச் சொல்லுக்குக் கனடாவில் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். மெல்ல மென்று விழுங்கிவிட்டு, "வேர் இஸ் அன்ரி ஆன்?" என்று உன்னைத்தான் கேட்டான். மகளிடம் போயிருக்கிறாள் என்றேன். எப்போது வருவாள் என்றான். இன்னொரு கட்லெட் எடு என்று வாளியை நீட்டினேன்.

ஆனால் பிள்ளைகள் நிமிர்ந்துவிட்டார்கள்! கிழமைக்கு மூன்று ஆட்டம், அதற்குப் பிறகு ஒன்றுகூடத் தோற்கவில்லை. நேற்று ஒன்பதாவது இன்னிங்ஸில், இரண்டு பேர் அவுட் ஆகி நிற்க, நீ எப்போதும் "நித்திரை கொள்ளுறான் பார்" என்று ஏசுகிற அந்த நெட்டைப் பையன் அடித்தான் ஒரு அடி. பந்து வேலியைத் தாண்டி, நான் நின்ற பக்கமாக வந்து, ஒரு காருக்கு அடியில் போய்ப் படுத்தது. நான் முழந்தாளிட்டு எடுத்தேன். எழும்ப இரண்டு பேர் தூக்கவேண்டி வந்தது. பந்து இப்போது எங்கள் வீட்டுச் சாமி அறையில், பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருக்கிறது. மோதகம் என்று அவர் நினைத்தாலும் பரவாயில்லை. இந்த மாதக் கடைசிச் சனி, மத்தியானம் ஒரு மணிக்கு, எங்கட மைதானத்திலேயே இறுதி ஆட்டம். நாலு வருடத்தில் இது முதல் தடவை.

கல்லூரி எல்லா ஆட்டத்தையும் இணையத்தில் நேரடியாகக் காட்டுகிறது. கமெரா இடதுபக்க வேலிக்குத் திரும்பும்போது சிவப்புக் குளிர்ச்சட்டையோடு ஒரு குண்டு மனுசி தெரிந்தால் அது நான்தான். ஆனால் உனக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. நீதான் பார்க்கிறதில்லையே.

இவ்வளவும் எழுதியது, எழுத வேண்டியதைத் தள்ளிப் போடத்தான்.

மே மாதம் பிள்ளைகள் பயிற்சி செய்துகொண்டிருக்க, அந்த வாங்கில் வைத்து, உன் ஸ்டெபனியும் புருஷனும் பிரிந்துவிட்டார்கள் என்று நீ எனக்குச் சொன்னாய். எனக்கு மட்டும்தான் சொன்னாய். இரண்டு நாள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் மீன் கடையில் அருள்நாயகி அக்காவைக் கண்டேன். ஒரு ஆளுக்குத்தானே, அதுவும் செபம் சொல்கிற ஆளுக்குத்தானே என்று சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனதோடு அதைக் கோயிலில் மன்றாட்டாகவே எழுதிக் கொடுத்துவிட்டார். ஞாயிறு பூசையில் உன் பெயரையும் மகளின் பெயரையும் ஒலிவாங்கியில் வாசித்து, அவர்கள் மீண்டும் ஒன்றுசேர வேண்டும் என்று கேட்க, முந்நூறு பேர் ஒரே குரலில் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்களாம். நீ நடு வாங்கில், ஒரு பக்கமும் வெளியில் போக வழியில்லாமல் நின்றாயாம். அன்று நான் அங்கே இல்லை. ஆனால் ஐந்து மாதமாக நான் அந்த வாங்கில்தான் நிற்கிறேன்.

என்னுடைய பிழை. அருள்நாயகி அக்காவின் பிழை இல்லை. வேறு விளக்கம் என்னிடம் இல்லை. மன்னித்துக்கொள் அன்ரனெற்.

ஸ்டெபனியிடமும் மன்னிப்புக் கேட்டேன். அதற்குத்தான் பத்து நாளுக்கு முன் அவளுடைய போனுக்கு எடுத்தேன். பாதி கேட்பதற்குள் அழுதுவிட்டேன். அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்: "அன்ரி, இட்ஸ் ஓகே. எனக்கு வெட்கமில்லை. அம்மாவுக்குத்தான் வெட்கம். நான் திரும்ப வேலைக்குப் போறன், வடிவா நித்திரை கொள்ளுறன். அம்மாதான் இஞ்ச ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறா." எவ்வளவு தங்கமான பிள்ளையைப் பெற்று வைத்திருக்கிறாய்!

அவள் உன்னைப் பற்றி இன்னொரு விஷயமும் சொன்னாள். அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ என்று கெஞ்சிச் சொன்னாள். அதை நான் பத்து நாளாக ஒருவருக்கும் சொல்லவில்லை. சச்சிக்குச் சொல்லவில்லை, அருள்நாயகி அக்காவுக்குச் சொல்லவில்லை, உனக்கும் சொல்லமாட்டேன். இரகசியம் ஒன்றை இவ்வளவு நாள் வைத்திருப்பது என் உடம்புக்குப் பழக்கமில்லாத வேலை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: சனிக்கிழமைகளில் போனைக் கண்ணுக்கு இவ்வளவு கிட்டப் பிடிக்காதே. அடுத்தது, ஸ்டெபனியின் தொடை இப்போது எப்படி இருக்கிறது என்று நான் விசாரித்ததாகச் சொல்லு. பக்கத்தில் இருந்த பாவத்துக்கு அவள் ஏன் கிள்ளு வாங்கவேண்டும்?

எங்கட கட்டட மனேஜரை லிஃப்டில் கண்டேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. சரி, கேட்டேன். மாதக் கடைசிக்குள் நீ வீட்டைத் திருப்பிக் கொடுக்கிற நோட்டீஸ் அனுப்பப் போகிறாயாம். பதினெட்டு வருடம் இருந்த வீடு. மகளோடு இருப்பதென்றால் இரு. அவளுக்கு நீ தேவையென்றால் ஒரு சொல் சொல்லமாட்டேன். ஆனால் கோயிலில் அந்த முந்நூறு பேரின் முகத்தில் முழிக்கக் கூச்சப்பட்டு வீட்டை விடுகிறாய் என்றால், அது நான் செய்த வேலைக்கு நீ ஊரை விட்டுப் போவது. உண்மையைச் சொன்னால் அந்த முந்நூறு பேரும் இப்போது வேறு விஷயத்துக்கு மாறிவிட்டார்கள். என்ன விஷயம் என்று கேட்காதே, விரதம். நீ வந்த பிறகு வருகிற முதல் ஞாயிறு பூசைக்கு நானும் உன்னோடு வந்து இருக்கிறேன். திருநீற்றோடு வருவேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் என்னைப் பார்க்கட்டும், உன்னை மறந்துபோவார்கள்.

இன்னும் ஒன்று. கோச் சொன்னதாக மேலே எழுதியது பொய். அந்த மனிதர் அடுத்த கிழமையே வேலியடிக்கு வந்து, "கம் இன், அன்ரி, ஜஸ்ட் டோன்ட் யெல் தட்," என்று சிரித்துக் கூப்பிட்டார். நான்தான் போகவில்லை. மூன்றாம் வரிசையில், நம்முடைய அந்த இடத்தில், தனியே போய் இருக்க எனக்கு ஏலவில்லை. வேலிக்கு வெளியில் நின்றால், வழியில் போகிறவள் சும்மா நின்று பார்க்கிறாள் என்று இருக்கும். உள்ளே போய் இருந்தால், பக்கத்தில் ஆள் இல்லை என்று தெரிந்துவிடும்.

நோட்டீஸை ஒரு மாதம் தள்ளிப் போடு. ஸ்டெபனிக்கு லீவு கிடைத்தால் அவளையும் கூட்டிக்கொண்டு கடைசிச் சனிக்கு வா. விமான நிலையத்துக்குச் சச்சி வருவார், வாய் திறக்காமல் கார் ஓட்டுவார். நீ என்னோடு பேசவேண்டும் என்றுகூட இல்லை. பேசாமல் பக்கத்தில் இருந்தால் போதும். நான் வாய் திறக்கிற நேரம் உன் கை தன்பாட்டில் வேலை செய்யும்.

உன் மகளுக்கு நல்ல காலம் நல்லபடியாகப் பிறக்கட்டும். உன் மடுமாதாவும் என் பிள்ளையாரும் இந்த மாதம் மட்டும் ஒரே வாங்கில் இருந்து, உன் முழங்காலையும், பதினாலாம் நம்பரின் வலக்கையையும், என் வாயையும் காப்பாற்றட்டும்.

வேலிக்கு வெளியில் நிற்கும்,
மங்கை

பி.கு: சோபா விஷயம் நேரில் வந்தாலும் சொல்லமாட்டேன். நீயாகக் கேட்டால் வேறு கதை. நேற்றுக் குளிக்கும்போது பார்த்தேன், தொடையில் நீ கிள்ளிய அடையாளம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் மறைந்துபோயிற்று. பார்க்க நல்லாயில்லை.