சேகரின் மோட்டாருக்குள் நான் ஊற்றிய தண்ணீர்

எப்போதும் கடையின் பின்வாசல் வழியாகவே வரும் என் சேகருக்கு,

நீ போய் மூன்று மழைக்காலம் ஆச்சு. முடிச்சூரில் வழக்கம்போல் தண்ணி நின்னு வடிஞ்சது. சேகர் வண்டி இருந்திருந்தால் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. யாருக்கு ஞாபகம்?

குரோம்பேட்டையில் என் பம்ப்செட் கடையில், ரோட்டிலும் தண்ணியிலும் ஓடும் அந்த வண்டியின் படத்தை நீ விரித்த நாள் நினைவிருக்கா? ரோட்டில் சக்கரம், ஏரியில் பாட்டரியில் சுற்றும் காத்தாடி. "ரோட்டுல மடங்கிக்கும் மச்சான், தண்ணியில எறங்குனா கீழ வந்துடும்" என்றாய். "இது வண்டியா, வாத்தா?" என்றேன். "முட்டை போட்டா உனக்குத்தான்" என்றாய். கோரை சுற்றாமலிருக்கக் காத்தாடியை ஒரு வளையத்துக்குள் அடக்கியிருந்தாய். அத்தனையும் யோசித்தவன் நீ.

மோட்டாரின் கூடு மட்டும் நான் கொடுத்தது, பழைய போர்வெல் மோட்டாருடையது. உள்ளே நீ வைத்ததோ பாட்டரியில் ஓடுவது. ஒரு சொட்டு ஈரம் ஆகாது.

நான் பண்ணினதைச் சொல்லிவிடுகிறேன். போர்வெல் மோட்டாருக்குள் நல்ல தண்ணி நிரப்பித்தான் கடையை விட்டு அனுப்புவேன், இல்லாவிட்டால் கருகிவிடும். ஏரிக்குப் புறப்பட்ட காலை, நீ டீ குடிக்கப் போனபோது, என் கை பழக்கத்தில் மூடியைத் திருகித் தண்ணியை ஊற்றியது. உனக்கு ஒரு வேலை மிச்சம் என்றுதான் நினைத்தேன்.

வண்டி நடு ஏரியில் நின்றது. "தள்ளிக்கினே வந்துடறேன்" என்று குதித்தாய். கோரை உன் காலைப் பிடித்தது. நீச்சல் தெரியாத நான் கரையில் கத்திக்கொண்டு நின்றேன்.

மறுநாள் கூட்டைத் திறந்தேன். ஏரிச் சேறு துளியும் இல்லை. தண்ணி புகாமலிருக்க நீ போட்ட சீல் ஒரு சொட்டு உள்ளே விடவில்லை சேகரு. உள்ளே இருந்தது என் கடைக் குழாய்த் தண்ணி. கொட்டிவிட்டேன். "பாவம், சேகர் போட்ட கணக்கு தப்பிடுச்சு" என்று ஊர் சொன்னபோது நானும் தலையாட்டினேன்.

போன வாரம் உன் விஜயாவிடம் போய் அந்தப் படங்களைக் கேட்டேன். "அதுதானேண்ணா அவரைக் கொன்னுது? பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டுட்டேன்" என்றாள். வேறு பிரதி ஏது? அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டாமா நான்? காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டேன். இனி பின்வாங்க முடியாது. அச்சாகி வருமுன் அவளிடம் நேரில் சொல்வேன், உன் கணக்கில் பிழையில்லை என்று. மன்னிப்புக் கேட்கமாட்டேன். கதவைச் சாத்தினால் சாத்தட்டும். உன்மேல் அவள் வைத்திருக்கும் கோபத்தையாவது என்மேல் வாங்கிக்கொள்கிறேன்.

நீ மச்சான் என்று கூப்பிட்ட,
ராஜமாணிக்கம்